மூணு பேருக்கு மேல் கூடாது

சாயங்காலம் மேலே வருகிறேன், ஒரு விஷயம் பேச வேண்டும் என்று வீட்டுக்காரர் தணிகாசலம் மாடிப்படிக்குக் கீழே நின்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து சண்முகவடிவுக்குக் கையில் வேலை ஓடவில்லை. என்ன விஷயம் சார் என்று அப்போதே கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. சரி சார் என்று மட்டும் சொன்னாள், அதுவும் ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவள் மாதிரி. அந்தச் ‘சரி சார்’ இப்போது அவளுக்கே பிடிக்கவில்லை. வாடகையைக் கூட்டுவதென்றால் மனுஷர் படிக்குக் கீழேயே சொல்லிவிடுவார், நாளைக்குத் தண்ணீர் லாரி வராது என்று சொல்கிற அதே குரலில். போன தடவை அப்படித்தான் சொன்னார், இவள் துணி உலர்த்திக்கொண்டே தலையாட்டினாள், முடிந்தது. மேலே ஏறி வந்து பேச வேண்டியது என்று இத்தனை வருஷத்தில் ஒன்றுமே இருந்ததில்லை. மூட்டு வலிக்காரர், சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறுவார். அந்த வலியையும் பொறுத்துக்கொண்டு ஏறி வருகிறார் என்றால் அது வீட்டைக் காலி பண்ணச் சொல்லத்தான், வேறென்ன. கிரைண்டரில் அரிசி சுற்றிக்கொண்டிருந்தது. இந்த மாவை இந்த வீட்டில் சாப்பிட்டு முடிப்போமா என்று ஒரு நினைப்பு வந்தது, உடனே சிரிப்பாகவும் இருந்தது, மாவு நாலு நாளைக்குக்கூட வராது, யாரும் நாலு நாளில் போகச் சொல்லமாட்டார்கள், மூன்று மாசம் கொடுப்பார்கள். முன்பு இருந்த போரூர் வீட்டுக்கார அம்மா மூன்று மாசம் கொடுத்தாள். மக பிரசவத்துக்கு வர்றா, இடம் பத்தாது என்றாள். எவ்வளவு நல்ல காரணம். வடிவு போகும்போது பிறக்கப்போகிற குழந்தைக்கு என்று ஒரு துண்டு கூட வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு விட்டுப்போன கேஸ் அடுப்பு ரெகுலேட்டரை எடுக்கப் போனபோது அந்தக் கேட்டில் ‘வீடு வாடகைக்கு’ அட்டை தொங்கியது, உள்ளே பிள்ளைத்தாய்ச்சி யாரும் இல்லை. துண்டைத் திருப்பிக் கேட்கவா முடியும். அன்றையிலிருந்து எந்த வீட்டுக்காரர் எந்தக் காரணம் சொன்னாலும் அதற்குப் பின்னால் இன்னொன்று நிற்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றும். காரணத்தை அவள் காதால் கேட்பதில்லை, சொல்கிறவரின் முகத்தைப் பார்ப்பாள். ஆனால் தணிகாசலத்தின் முகத்தில் எதுவும் எழுதியிருக்காது. டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் யாருக்கும் முகம் தெரியாமல் வேலை பார்த்தவர்.

காலையில் அந்த இரண்டு பேர் வந்தது வேறு. ஒருத்தன் அளக்கிற டேப்பின் நுனியைச் சுவரில் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தன் இழுத்துக்கொண்டே போனான். கீழே ஹாலை அளந்தார்கள், பூட்டிக் கிடக்கிற பின் அறையை அளந்தார்கள், அப்புறம் மாடிப்படியையும் அளந்தார்கள். மாடிப்படியை எதற்கு அளக்க வேண்டும். ஹாலை அளந்தால் டைல்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம். படியை அளக்கிறவன் மேலே வரத்தான் அளக்கிறான். அதில் ஒருத்தன் நிமிர்ந்து இவளைப் பார்த்தான், பார்த்துவிட்டு மற்றவனிடம் ஏதோ சொன்னான், அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. கணவன் குணாளனிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தாள். அவன் ஒரகடத்தில் ஷிப்டில் இருப்பான், மெஷின் ஓடுகிற இடத்தில் போனைக் கையில் வைக்கக் கூடாது. எடுத்தாலும் என்ன சொல்வான், அவர் வரட்டும், கேட்டுட்டுச் சொல்லு என்பான். அவனுக்கு எல்லாம் கேட்டுவிட்டுச் சொல்கிற விஷயம்தான். ஒருவேளை அவனுக்குத் தெரியுமோ. போன ஞாயிற்றுக்கிழமை தணிகாசலமும் அவனும் மோட்டார் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் பேசினார்கள். மேலே வந்தவனிடம் என்னவாம் என்று கேட்டதற்கு வால்வு லீக்காகுது என்றான். ஒரு வால்வைப் பற்றி அவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது. அவன் எதையாவது மறைத்தால் காதின் பின்பக்கம் சொறிந்துகொள்வான். அன்றைக்குச் சொறிந்தானா என்று யோசித்துப் பார்த்தாள். சொறிந்தது போலவும் இருந்தது, சொறியாதது போலவும் இருந்தது. மோட்டாரடியில் கொசு, யாராக இருந்தாலும் சொறிவார்கள்.

அத்தை, குணாளனின் அம்மா, வரப்போகிற விஷயம் வீட்டுக்காரர் காதுக்குப் போயிருக்க வேண்டும். அதுதான். எப்படிச் சுற்றினாலும் மனசு அங்கேயே வந்து மாட்டிக்கொள்கிறது. இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்றைக்கு, மகள் ஓவியா அப்போது நாலாங்கிளாஸ், தணிகாசலம் அவளை ஒரு தடவை பார்த்தார், குணாளனை ஒரு தடவை பார்த்தார், நீங்க மூணு பேர்தானே என்றார். ஆமா சார். மூணு பேருக்கு மேல் கூடாது, தண்ணி பத்தாது, அப்புறம் எங்க அப்பா வந்திருக்கார், என் தம்பி வந்திருக்கான்னு சொல்லக் கூடாது, முன்ன இருந்தவங்க அப்படித்தான் ஆள் சேர்த்தாங்க. சரி சார். அப்போது அவர் மனைவி இருந்தார், அந்த அம்மாள் பின்னால் நின்று கண்ணாலேயே பரவாயில்லை, இவர் இப்படித்தான் பேசுவார் என்பது போல ஒரு ஜாடை காட்டினார். அந்த ஒரு ஜாடைக்காகத்தான் வடிவு இந்த வீட்டுக்குச் சம்மதித்தாள். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தாச்சு. ஜாடை காட்ட ஆளில்லை. இப்போது அத்தை சங்கரன்கோவிலில் தனியாக இருக்கிறாள், குளியலறையில் விழுந்து இடுப்பில் அடிபட்டு, பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அடுத்த மாசம் கூட்டிக்கொண்டு வருவதாகக் குணாளன் வாக்குக் கொடுத்தாயிற்று. ஓனர்கிட்ட நான் பேசிக்கிறேன் என்றும் சொன்னான். பேசவில்லை. பேசுவான் என்று இவளும், இவள் சொல்வாள் என்று அவனும். இதற்கு நடுவில் யார் சொன்னது. மொட்டை மாடியில் நின்று நாத்தனாரோடு போனில் கட்டில் வாங்குவது பற்றிப் பேசினாள், கீழே அவருடைய படுக்கையறை ஜன்னல் திறந்திருந்ததா என்று பார்க்கவில்லை. இல்லை, ஓவியா சொல்லியிருப்பாள். அவளுக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. தாத்தா தாத்தா என்று அவரிடம் குறுக்கெழுத்துப் போட்டிக்கு விடை கேட்கப் போவாள். எங்க ஆச்சி வரப்போறாங்க தாத்தா என்று சந்தோஷமாகச் சொல்லியிருப்பாள், பாவி. ட்யூஷன் விட்டு வரட்டும், கேட்கலாம். கேட்டால் என்ன செய்யப்போகிறாள். பத்தாம் வகுப்பு, பொதுப் பரீட்சை, பள்ளிக்கூடம் நடக்கிற தூரம், இந்த நேரத்தில் வீடு மாறினால் அந்தப் பெண் எத்தனை பஸ் பிடிக்க வேண்டும். அதை நினைத்ததும் கோபம் போய்விட்டது. பயம் மட்டும் இருந்தது.

கிரைண்டரை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றாள். அவர்கள் இந்தத் தெருவுக்கு வந்தபோது கடைசியில் கருவேலங்காடும் அதற்கப்பால் ஏரியும் தெரிந்தன, எருமைகள் வரும். இருந்தவை எல்லாம் தனித்தனி வீடுகள், கிணறும் முருங்கை மரமும். அப்புறம் நெடுஞ்சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன, பின்னாலேயே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் வந்தார்கள், மதுரையிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும். முருங்கை மரங்கள் போயின. ஒரு மாடி இரண்டாச்சு, மூன்றாச்சு. எதிர் வீட்டில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பூட்டு, வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும், யார் செருப்பு யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது போலிருக்கும். அந்த வீட்டுக்காரர் அங்கே இல்லை. மகள் ஆபீசுக்குப் பக்கம் என்று அண்ணாநகரில் ஏதோ அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறாராம், இங்கே வருகிற வாடகை அங்கே போகிறது. முதலில் கேட்டபோது வேடிக்கையாக இருந்தது. யோசித்தால் அண்ணன் கதையும் அதுதான். சங்கரன்கோவிலில் அப்பா கட்டிய வீட்டை ஒரு பேங்க்காரருக்கு விட்டுவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு அறையும் அடுக்களையும் உள்ள வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள். அந்த பேங்க்காரருக்கு நாகர்கோவிலில் சொந்த வீடு, அதில் யாரோ ஒரு வாத்தியார். எல்லாரும் எழுந்து அவரவர் வீட்டுக்குப் போய்விட்டால் என்ன ஆகும். யாருக்கும் வேலை இருக்காது. வீடு ஒரு இடத்தில் இருக்கிறது, பிழைப்பு இன்னொரு இடத்தில் இருக்கிறது, நடுவில் வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சொந்தமாக வாங்கலாம் என்று அவளும் குணாளனும் போகாமல் இல்லை. தாம்பரம் தாண்டி ஒரு ஃப்ளாட், மாதிரி வீட்டைக் காட்டினார்கள், அதில் ஒரு பூச்சாடி, அதை இவள் தொட்டுப் பார்த்தாள், பிளாஸ்டிக். கடன் கொடுக்கிற இடத்தில் குணாளன் இத்தனை வருஷமாக ஒரே கம்பெனியில் இருந்தும் காண்ட்ராக்ட்தானே என்றார்கள். அதே அடுக்குமாடியில் துபாயிலிருந்து ஒருத்தர் கண்ணால்கூடப் பார்க்காமல் நாலு ஃப்ளாட் வாங்கினார் என்று அந்த ஏஜெண்டே சொன்னான், பெருமையாக. எதுக்கு நாலு என்று இவள் கேட்டாள். வாடகைக்கு விடத்தான் மேடம், உங்களை மாதிரி ஆளுங்க இருக்கறவரைக்கும் அவங்களுக்குக் கவலையில்ல. அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. நாம வாங்க முடியாததால அவர் வாங்குகிறார், அவர் வாங்குவதால விலை ஏறுகிறது, விலை ஏறுவதால நம்மால் வாங்க முடிவதில்லை. இந்த வட்டத்தை யோசித்து யோசித்து அவளுக்குத் தலை சுற்றும், கடைசியில் சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட உரிமையில்லை என்பதில் வந்து நிற்கும். ஓவியாவின் மெடலை அவள் இன்னும் பீரோ கைப்பிடியில்தான் தொங்கவிட்டிருக்கிறாள்.

ஐந்து மணி வெயில் படிக்கட்டில் இறங்கியிருந்தபோது செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு படி, நிறுத்தம், ஒரு படி. நடுவில் நின்றுவிட்டார். திரும்பிப் போகிறாரோ என்று ஆசையாகக் கேட்டாள். இல்லை, மூச்சு வாங்குகிறார். வடிவு அவசரமாக அடுக்களைக்குள் போய் ஈரமாயிருந்த தரையைத் துடைத்தாள், பிறகு ஏன் துடைத்தோம் என்று தோன்றியது. அவர் உள்ளே வந்தார். இந்த வீட்டுக்குள் அவர் வந்து உட்கார்வது இதுதான் முதல் தடவை. குழாய் பார்க்க, ஃபேன் பார்க்க வந்திருக்கிறார், உட்கார்ந்ததில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், சுவர்களைப் பார்த்தார். ஆணி தேடுகிறார் என்று நினைத்தாள்.

“காபி போடவா சார்?”

“வேண்டாம்மா. பாப்பா இல்லையா?”

“ட்யூஷன் போயிருக்கா.”

“நல்லது,” என்றார். ஏன் நல்லது. குழந்தை இல்லாதபோது பேச வேண்டிய விஷயம் என்றால் அது நல்ல விஷயமில்லை. அவர் கைகளைப் பார்த்தாள், ஒரு கை இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“காலைல ஆள் வந்து அளந்தாங்களே, பாத்திருப்பீங்க.”

“பாத்தேன் சார்.”

“பெரியவன் அனுப்பிச்சது. கீழ் வீட்டைத் தடுத்து லேடீஸ் ஹாஸ்டலா பண்றானாம். ஹால்ல ரெண்டு ரூம், என் ரூம்ல ஒண்ணு, பின்னால ஒண்ணு. அங்கேருந்தே எல்லாம் போன்ல பேசிட்டான்.” மூத்த மகன் பாஸ்கர் கனடாவில் இருக்கிறான், வடிவு அவனை இரண்டு தடவை பார்த்திருக்கிறாள், இரண்டு தடவையும் கையில் போன். “உங்க மாடியைத் தொடலை. பயப்படாதீங்க. இப்போதைக்குத் தொடலை.”

இப்போதைக்கு. அந்த வார்த்தையை அவள் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். மீதி எதுவும் காதில் விழ ஒரு நிமிஷம் ஆயிற்று. கீழ் வீட்டில் நாலு ரூம் என்றால்…

“அப்ப நீங்க சார்?”

“வீடு அவன் பேர்ல இருக்கு. அவங்கம்மா போனதும் நான்தான் எழுதிக் குடுத்தேன். சின்னவனுக்கு ஊர்ல இருந்த நிலம். யாரும் பிடுங்கலைம்மா, நானாத்தான் குடுத்தேன்.” நாற்காலியில் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “சின்னவன்கிட்ட போய் இருங்கன்னான். சின்னவன் பெங்களூர்ல வாடகை வீட்ல இருக்கான். அவங்க ஓனர், அப்பா அம்மா வந்தா பத்து நாள், அதுக்கு மேல தங்கக் கூடாதுன்னு அக்ரிமெண்ட்லயே போட்டிருக்காங்களாம்.”

அவர் அதைச் சொல்லிவிட்டு இவளைப் பார்க்கவில்லை. வடிவும் தரையைப் பார்த்தாள். உள்ளுக்குள் ஏதோ ஒன்று, இருக்கட்டும், இப்ப தெரியட்டும் என்றது. அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று தெரிந்ததும் கூசியது. ஆனால் சந்தேகம் அடங்கவில்லை. இதை ஏன் என்னிடம் சொல்கிறார். மாடியில் ஒரு அறை கேட்கப்போகிறாரா. சின்ன அறையை விட்டுத் தாருங்கள் என்பாரோ. அங்கேதானே அத்தையின் கட்டிலைப் போடுவதாக இருக்கிறது. இவரிடம் எப்படி முடியாது என்று சொல்வது, இவர் வீடு. இவர் வீடு இல்லை. யார் வீடு.

“இங்கயே பக்கத்துல ஒரு ரூம் பாத்துக்கலாம்னு மூணு இடம் போனேன். வயசு கேக்கறாங்க. கூட யாருன்னு கேக்கறாங்க. தனியான்னதும் கதவைச் சாத்தறாங்க.” குரல் தாழ்ந்தது. “எனக்கு வீடு கேட்டுப் பழக்கமில்லம்மா. நான் குடுத்துத்தான் பழக்கம். என்ன சொன்னா குடுப்பாங்க? நீங்க நாலஞ்சு வீடு மாறி வந்தவங்க.”

 என்ன சொன்னால் கொடுப்பார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். கேட்பதற்கு முன்னாலேயே குறைவாகச் சொல்ல வேண்டும். ஆள் குறைவு, சாமான் குறைவு, வருகிறவர் போகிறவர் குறைவு, இருப்பதே தெரியாமல் இருப்போம் என்று காட்ட வேண்டும். இதை எல்லாம் இவரிடம்தான் இவள் பழகினாள்.

“அடுத்த தெருவுல ஒரு அம்மா பின்பக்க ரூம் விடறாங்களாம். இப்ப போகலாம்னு. நீங்க கூட வந்தா… தெரிஞ்சவர்னு ஒரு வார்த்தை.”

அவள் மாவைப் பாத்திரத்தில் வழித்து மூடிவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு வீட்டைப் பூட்டினாள். படியில் அவருக்கு முன்னால் இறங்கினாள், விழுந்தால் பிடிக்கலாம் என்று. தெருவில் நடக்கும்போதும் மனசு சும்மா இல்லை. நான் எதற்குப் போகிறேன். இவர் மேல் இரக்கமா, இல்லை இவருக்கு ஒரு நல்லது செய்து வைத்தால் அத்தை விஷயத்துக்கு ஆகும் என்றா. அதற்கும் இனி இவரால் ஒன்றும் ஆகாதே. பின்னே எதற்கு. பாஸ்கரின் ஆள் யாராவது பார்த்து, இவள்தான் கிழவரை வெளியே கூட்டிப்போய் விட்டாள் என்று சொல்வானோ. பக்கத்தில் தணிகாசலம் வெள்ளைச் சட்டையில், பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி தலையைப் படிய வாரிக்கொண்டு நடந்தார். அதை அவள் அப்போதுதான் கவனித்தாள். மேலே ஏறி வருவதற்கு முன்னாலேயே கிளம்பித்தான் வந்திருக்கிறார். நான் வருவேன் என்று எப்படி நம்பினார்.

அந்த அம்மா கேட்டைப் பாதிதான் திறந்தாள். அறுபது வயசிருக்கும், கையில் டி.வி. ரிமோட். உள்ளே விடாமலேயே கேட்டாள்.

“யாருக்கு வீடு?”

“எனக்குத்தாம்மா,” என்றார் தணிகாசலம்.

“உங்களுக்கு மட்டுமா? எனக்கு அதெல்லாம் சரிப்படாது சார். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரு வந்து பாப்பாங்க? நானே தனியா இருக்கேன்.”

“நான் வருவேன்,” என்றாள் வடிவு. “அடுத்த தெருதான். கூப்பிட்டா நடந்தே வந்துடுவேன்.”

“நீங்க யாரு?”

தெரிஞ்சவங்க என்றுதான் சொல்ல வேண்டும், வழியில் பேசி வைத்தது அதுதான். தெரிஞ்சவங்க என்றால் இந்தக் கேட் மூடிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரிந்தது, எத்தனை கேட்களின் முன்னால் நின்றவள்.

“மக,” என்றாள்.

தணிகாசலம் அசையவில்லை. அந்த அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகஜாடை தேடுகிறாள். 

“மகளுங்கறீங்க. அடுத்த தெருங்கறீங்க. அப்பாவை உங்க வீட்லயே வெச்சுக்கலாமே. எதுக்கு வெளிய ரூம் பாக்கறீங்க?”

அதற்கு அவள் ஒன்றும் தயார் பண்ணி வைத்திருக்கவில்லை. பொய் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த பொய் தானாக வரும் என்பார்கள், வரவில்லை. வந்தது வேறு.

“நாங்களும் வாடகைக்குத்தாம்மா இருக்கோம். மூணு பேருக்கு மேல் கூடாதுன்னு ஹவுஸ் ஓனர் சொல்லியிருக்கார். நாங்க மூணு பேர் ஆயாச்சு.”

சொன்ன பிறகுதான் பக்கத்தில் நிற்பது யாரென்று உறைத்தது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. அந்த அம்மா உச்சுக்கொட்டினாள்.

“பெத்த அப்பனைக்கூடவா சேக்கக் கூடாதுங்கறான்? என்ன மனுஷன் அவன்.” பிறகு அவரைப் பார்த்துக் கேட்டாள். “நெசமாவா சார்?”

தணிகாசலம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ஆமாம்மா. அவர் அப்படித்தான். தண்ணி பத்தாதும்பார்.”

கேட் திறந்தது. பின்பக்க அறை சின்னதுதான், சுண்ணாம்பு வாசனை, ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். படி இல்லை, தரையோடு தரை. தணிகாசலம் குழாயைத் திறந்து பார்த்தார், பழக்கதோஷம், மூடி மறுபடி இறுக்கினார். அந்த அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். அடுப்பு வைக்கலாம், கறி மீன் கூடாது. பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவாள். பசங்க, பேரப் பிள்ளைகள் வந்தால் பகலில் பார்த்துவிட்டுப் போகலாம், தங்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் அவர் சரிம்மா, சரிம்மா என்றார். அந்தச் சரியைக் கேட்க முடியாமல் வடிவு வெளியே வந்து நின்றாள். தான் காலையில் படிக்கட்டில் நின்று சொன்ன சரியும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தாள்.

முதல் தேதி வரச் சொல்லிவிட்டாள். திரும்பி வரும்போது தெரு விளக்குகள் போட்டிருந்தார்கள். பையன்கள் ஹாஸ்டல் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கோபமா, வருத்தமா, எதுவும் பிடிபடவில்லை. பேசாமல் வருகிறவரைவிடத் திட்டுகிறவரைத் தாங்கிக்கொள்ளலாம். கடைசியில் அவளால் பொறுக்க முடியவில்லை.

“சார், எங்க மாமியார் ஊர்ல விழுந்துட்டாங்க. எழுந்து நடக்க முடியலை. அவங்களைக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கோம். உங்ககிட்ட கேக்கணும்னு…”

அவர் நின்றார். மூட்டைத் தேய்த்துக்கொண்டார்.

“என்னைக் கேட்டு என்னம்மா. பெரியவனைத்தான் கேக்கணும்.”

“அவர்கிட்ட கேக்கவா சார்?”

“கேக்காதீங்க,” என்றார். “கேட்டா வேண்டாம்பான். போன மாசம் கேட்டிருந்தா நானும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். கேக்காம கூட்டிட்டு வந்துடுங்க.”

வீட்டு வாசலில் ஓவியா ட்யூஷன் பையோடு உட்கார்ந்திருந்தாள், சாவி இல்லாமல். எங்கம்மா போனீங்க என்றாள். வடிவு அங்கேயே நின்றபடி குணாளனுக்குப் போன் போட்டாள். ஷிப்டு முடிந்திருந்தது, எடுத்தான்.

“அத்தையை அடுத்த மாசம் வேண்டாம்,” என்றாள். “இந்த வாரமே போய்க் கூட்டிட்டு வாங்க.”